எதிரி பெயர்

கோத்தகிரி ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார்:
எதிரி பெயர்?

மாதி என்னைப் பார்த்தாள்.
மேட்டுப்பாளையம் பஸ் வளைவில் ஹாரன் அடித்துப் போயிற்று.

தேக்குமரக் கம்பெனி ஓடிப்போன வருஷம்
இந்தக் கட்டம் சுலபமாக நிரம்பியது.
மேனேஜர் அமிர்தகடேசன், வயது நாற்பத்தெட்டு.
என் அண்ணன் கல்யாணத்தில்
பாயசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியவர்.
ஆறு மாதம் வட்டி தேதி தவறாமல் வந்தது.
அது பின்னால் சேர்ந்தவன் போட்ட பணம் என்று
கோர்ட்டில்தான் தெரிந்தது.
மண்ணை வாரித் தூற்ற
ஒரு வாசலாவது இருந்தது.

இது அப்படி இல்லை என்கிறான் போஜராஜ்.
கம்பெனி இல்லை, கிளை இல்லை,
வட்டி தருகிறேன் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.
கணக்கு திறந்தே கிடக்கிறது, யாரும் பார்க்கலாம்.
எப்படி அக்கா மோசடி ஆகும்?

நியாயமான கேள்விதான்.

நான் கட்டபெட்டில் இலை எடை போடுகிறவள்.
மழை நாளில் நூறு கிலோவுக்குப் பத்து
ஈரக் கழிவு பிடிப்பேன், திட்டு வாங்குவேன்.
மூட்டைக்குள் கையை விட்டால்
எது கொழுந்து எது தண்ணீர் என்று விரல் சொல்லிவிடும்.
இந்தக் காசுக்குள்ளும் விட்டுப் பார்த்தேன்.
இலை தட்டுப்படவில்லை.
அடுத்து வாங்கப் போகிறவனின் ஆசை மட்டும்
சில்லென்று பட்டது.

அப்போ தங்கம்? என்றான்.
அதைக் காய்ச்சிக் குடிக்கிறோமா என்ன?
பதில் வரவில்லை.
கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக்கொண்டேன்.

ஆள் பெயர் வேணும்மா, என்றார் ரைட்டர்.
செயலி பெயரெல்லாம் எழுத முடியாது.

சித்திரையில் விலை ஏறியபோது
தராசுப் பக்கத்தில் நின்று
போனை நீட்டிக் காட்டியது யார்?
போட்டது ரெண்டு மடங்கு ஆயிருக்கு பாரு மாதி.
பொய் இல்லை. அன்றைக்கு அது நிஜம்.
மாதி சினைப்பசுவை விற்றாள்.
அவள் வாங்கிய வாரம்
நான் என் பங்கை விற்று
கூரைக்குத் தகரம் போட்டேன்.
ஐப்பசியில் எல்லாம் சரிந்தபோது
ஒரு சொட்டு ஒழுகவில்லை என் வீடு.

ரைட்டர் சலித்துப்போய்த் தானே எழுதினார்:
அடையாளம் தெரியாத நபர்.

வாசித்துக் காட்டினார்.
மாதி கைநாட்டு வைத்தாள்.
கூட வந்தவங்க சாட்சிக்குப் போடுங்க, என்று
பேனாவை என் பக்கம் நீட்டினார்.

போட்டேன்.
முழுப் பெயர், அப்பா பெயர், கதவு எண்.