உறக்கத்துக்கு வந்த கூட்டம்

லியூட்சோ நகரில், ஆற்றின் தென்கரையில்
மூன்றாம் பாலத்துக்கு அடியில் என் தள்ளுவண்டி.
நத்தைச் சாறு, புளித்த மூங்கில் குருத்து, அரிசிச் சேமியா.
புதிதாய் வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள்.
இரண்டாம் நாள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

இரவு பதினொன்றுக்கு மேல் அந்தப் பெண்கள் வருவார்கள்
மடக்கு நாற்காலியும் முக்காலியும் வளைய விளக்குமாக.
இடுப்புக்கு மேல் பட்டு, கீழே கிழிந்த கம்பளி.
கேமராவுக்கு இடுப்புக்குக் கீழே குளிர் கிடையாது.

ஏன் இங்கே என்று ஒருமுறை கேட்டேன்.
மோவாயால் எதிர்க்கரையைக் காட்டினாள் ஒருத்தி:
நாற்பது மாடி, பால்கனியெங்கும் மஞ்சள் வெளிச்சம்.
பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான்
செயலி முதலில் காட்டுமாம்.
பணக்காரனுக்குத் தூக்கம் வராத இடமாகப் பார்த்துக்
கடை விரித்திருக்கிறார்கள்.
நானும் அப்படித்தான்.

பதினேழு பேர். முதுகுக்கு முதுகு.
“வாங்க அண்ணா” என்று பதினேழு குரல்,
பதினேழு வேறு வேறு அண்ணன்கள்.
பக்கத்து நாற்காலிக்காரியின் பெயர் தெரியாது.
இருபத்தாறாம் மாடியில் எவனுக்கோ
கடைவாய்ப் பல் வலிப்பது தெரியும்.

டிசம்பரில் ஒரு நாள்
வெய் ஷியூலான் தூங்கிப்போனாள்.
பகலெல்லாம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை.
பாடிக்கொண்டிருந்தவள் இரண்டாம் அடியில் நின்றாள்,
தலை சரிந்தது, வாய் லேசாகத் திறந்தது.

எழுப்பலாமென்று கரண்டியோடு போனேன்.
திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது.
நாற்பது.
நானூறு.
ஒன்பதாயிரம்.
ரோஜாக்கள் பறந்தன, ஒரு ராக்கெட், அப்புறம் ஒரு கோட்டை.
எழுப்பாதே என்று யாரோ எழுதினார்கள்.
கிழவா, உன் நிழல் விழுகிறது, நகரு.

நகர்ந்தேன்.

அன்றைக்கு ஆறு டிகிரி.
என் தோளில் மேலங்கி இருந்தது.
போர்த்தினால் படம் கெட்டுவிடும் என்று
நானும்தான் நினைத்தேன்.

மறுநாள் மற்ற பதினாறு பேரும் தூங்கினார்கள்.
தூங்கினார்கள் என்றா சொன்னேன்?
கண்ணை மூடிக்கொண்டார்கள்.
இமைக்குள் கருவிழி ஓடுவது
வண்டியிலிருந்தே தெரிந்தது.
ஒருத்தி பொம்மைக் கரடி கொண்டுவந்திருந்தாள்.
ஒருத்தி குறட்டை பழகியிருந்தாள், சுதி சேரவில்லை.
பாலத்தடியில் அப்படியொரு அமைதி.
ஆறு ஓடுகிற சத்தத்தை
பதினோரு வருஷத்தில் அன்றுதான் கேட்டேன்.

ஒரு ரோஜாகூட விழவில்லை.
கள்ள உறக்கத்தைக் கண்டுபிடிக்க
தூக்கம் வராதவனைவிடத் தேர்ந்தவன் யார்?

ஷியூலானை ஒரு கம்பெனி கூட்டிப்போனது.
ஒப்பந்தம் பற்றிப் பாலத்தடியில் பேசிக்கொண்டார்கள்:
தினம் ஆறு மணி நேரம் உறங்க வேண்டும், முகம் தெரிய.
மெத்தை அவர்களுடையது. புரண்டு படுத்தால் அபராதம்.
பொறாமையில் என் சூப்புக்குக் காரம் போதவில்லை
என்றார்கள் எல்லோரும்.

மார்ச்சில், மழை நாளில், விடிய நாலு மணிக்கு வந்தாள்.
முக்காலி இல்லை, விளக்கு இல்லை.
பக்கத்தில் வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது.
மூங்கில் குருத்து நிறையப் போடச் சொன்னாள்.
“ரூமில் விளக்கை அணைத்தால்
முழிப்பு வந்துவிடுகிறது, மாமா.”

போனைக் கவிழ்த்து வைத்தாள்.
கொஞ்சம் குடித்தாள். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு
ஈர மேசையில் கன்னத்தை வைத்தாள்.

வண்டியின் பெட்ரோமாக்ஸைத் தணித்தேன்.
மேலங்கியைப் போட்டுவிட்டு
ஆற்றுப் பக்கம் திரும்பிக் கிண்ணம் கழுவத் தொடங்கினேன்.
அறுபது கிண்ணம். அவசரமில்லை.

தூங்கினாளா என்று கேட்காதீர்கள்.
நான் பார்க்கவில்லை.