ஐந்தாம் எண்

பாலபாடத்தில் ஔடதத்தோடு ஓய்வுபெறும் எழுத்துக்கு
வடக்கே ஒரு வேலை இருக்கிறது:
ஔலு.
பின்லாந்தில், கடல் உறைந்தால்
அதன்மேல் கார் போகும் ஊர்.

அங்கே கெர்த்து பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறாள்.
முன்பு கைபேசி ஆலையின் ஆய்வுக்கூடத்தில்
அவளுடைய வேலை மொத்தமும் காது.
எந்திர விரல் ஒன்று ஐந்தாம் எண்ணை
அழுத்தும், விடும், அழுத்தும், விடும்.
லட்சங்களைத் தாண்டிய ஏதோ ஒரு கணத்தில்
'டிக்' என்பது 'டக்' ஆகும்.
அப்போது கை தூக்க வேண்டும்.
பதினோரு வருடம் தூக்கினாள்.
பிறகு ஆலையே கை தூக்கிவிட்டது.

கடைசி நாளில் மற்றவர்கள்
காப்பிக் கோப்பை, கள்ளிச்செடி என்று அள்ளிப்போக
அவள் எடுத்துக்கொண்டது சாம்பல் நிறத்தில் ஒன்று.
உள்ளங்கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.
எத்தனையோ முறை விழுந்திருக்கிறது,
ஒருமுறை பட்டாணி சூப்புக்குள்.
பிரித்து, துடைத்து,
வெயிலில் காயவைக்க (நவம்பரில் வெயிலுக்கு எங்கே போவது?)
ரேடியேட்டர் மேல் வைத்தாள்.
மறுநாள் ஐந்தரைக்கு எழுப்பியது,
கோபமே இல்லாமல்.

கோபம் மேலாளர் வெய்யோவுக்கு.
"எந்தத் தெரு முடிந்தது என்று செயலியில் தட்டணும்.
உன் கல்லில் செயலி ஓடுமா?"
ஓடாது.
"படம் போகுமா?"
போகாது.
"என்னதான் செய்யும்?"
மணி அடிக்கும். பேசும்.
வைத்தால் வைத்துவிடும்.

அவனிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
புதியவற்றின் கண்ணாடியைத் தொட்டால்
யாரோ பதிவுசெய்த 'டிக்' ஒன்று வருகிறது.
மெழுகுப் பழத்தைக் கடித்த மாதிரி இருக்கிறது அவளுக்கு.

ஜனவரியில் கம்பெனி புதியதைக் கையில் திணித்தது.
அதே மாதம் பழைய அலைவரிசையை அணைத்தார்கள்.
சாம்பல் திரையில் கோடுகள் நின்ற இடம்
மீசை மழித்த முகம்போல் ஆயிற்று.
ஆனாலும் இரவுகளில் மின்னூட்டினாள்.
"இனி எதற்கு?" என்றான் வெய்யோ.
"எழுப்ப" என்றாள்.
யார் யாரை என்று சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஓர் இரவு. மைனஸ் முப்பத்தொன்று.
காட்டுச் சாலையில் டீசல் களியாகி
வண்டி நின்றுவிட்டது.
கையுறை கழற்றி, இறங்கி, புதியதை நீட்டினாள்.
எண்பத்திரண்டு சதவீதம் என்றது.
ஒன்பது என்றது.
கறுத்தது.
உள்பையிலிருந்து பழையது வந்தது:
முழு விழிப்பு. ஆனால் பேச ஆளில்லை.
கல்யாண வீடு காலியான பிறகும்
பந்தியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் விருந்தாளி.

இந்த இடத்தில் பழையதை ஜெயிக்க வைத்தால்
கவிதைக்கு வசதி.
நடந்தது அதுவல்ல.
புதியதை அக்குளில் செருகிக்கொண்டு
அடைகாக்கும் கோழிபோல் இருட்டில் உட்கார்ந்தாள் கெர்த்து.
தூங்கினால் தீர்ந்தது கதை.
எனவே மறுகையில் பழையதை வைத்து,
கையுறையோடே,
ஐந்தாம் எண்ணை அழுத்தினாள், விட்டாள்,
எண்ணிக்கொண்டே.
அறுநூற்றுச் சொச்சத்தில்
அக்குளில் வெளிச்சம்.

வெய்யோ இழுவை வண்டியோடு வந்தான்.
புதியதை வாங்கிப் பார்த்து,
"பரவாயில்லையே, சூடாகத்தான் இருக்கிறது."
"அது என் சூடு."

ஊர் திரும்பும் வழியெல்லாம்
இருக்கைக்கு அடியிலோ, கோட்டுக்குள்ளோ
ஏதோ சொடுக்கிக்கொண்டே வந்தது.
"எஞ்சினா?" என்று காது கொடுத்தான் வெய்யோ.
அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்,
சம்பளம் வாங்கிய நாட்களில் கேட்ட மாதிரியே,
தலையை ஒரு பக்கம் சாய்த்து.

கை தூக்கவில்லை.