கரடி, மூன்றாம் வரைவு

முதல் வரைவில் யெர்னேயா எழுதியிருந்தாள்:
வலிமை பதினெட்டு. வேகம் பதினொன்று.
அறிவு இரண்டு.

அந்த இரண்டைப் பார்த்து வோய்கோ சிரித்தான்.
"போன வாரம் என் குப்பைத்தொட்டிக்குக் கொக்கி போட்டிருந்தேன்.
காலையில் கொக்கி கழன்று கிடந்தது, உடையவில்லை.
கொக்கி போட்டவனுக்கு எத்தனை போடுவாய்?"

கொச்சேவியேயில், டயர் கடைக்கு மேல்மாடியில்,
வெள்ளி இரவுகளில் நாலு பேர் பகடை உருட்டுகிறோம்.
என் பெயர் டாதேய்.
ஆட்டத்தில் நான் ஒற்றைக்கண் மருத்துவச்சி.
இந்த வாரம் முட்டைக்கோஸ் சூப் என் முறை.
சன்னலுக்கு வெளியே பெட்ரோல் பங்க்,
ஒரு தேவாலயம், பிறகு மரம், மரம், மரம்.

இரண்டாம் வரைவில் அறிவை அடித்துவிட்டு
அச்சம் என்று ஒரு கட்டம் போட்டாள்.
பாதி உயிர் போனதும் உருட்ட வேண்டும்,
ஆறுக்குக் கீழே விழுந்தால் கரடி ஓடிவிடும்.
ஆடிப் பார்த்தோம்.
அலெங்கா வாளை உருவினாள்.
கரடி ஒரு தடவை தும்மியது, புதருக்குள் போய்விட்டது.
"நான் இன்னும் அடிக்கவே இல்லையே!"
தானாகப் போன கரடிக்கு
அனுபவப் புள்ளி உண்டா இல்லையா
என்று அரைமணி நேரம் வழக்கு.
சூப்பில் ஆடை படிந்தது.

மூன்றாம் வரைவில் மனசுக்கு எண்ணே கிடையாது.
முதல் வரி மோப்பம்.
வாசம், வாடை, நெடி, கவிச்சி, வீச்சம்,
ஒவ்வொன்றுக்கும் தனித்தனி தூரம்.
முந்தாநாள் பாலத்தைக் கடந்தவர் எத்தனை பேர்,
பையில் பன்றிக்கொழுப்பு இருந்ததா,
எவருக்குக் காய்ச்சல்,
எல்லாம் கரடிக்கு இலவசம், உருட்ட வேண்டாம்.
ஐந்தறிவு என்று நாக்கூசாமல் சொல்கிறோம்.
அந்த ஐந்தில் ஒன்றே போதும்,
நம் ஆறையும் மூட்டை கட்டித் தூக்கிப் போய்விடும்.

அடுத்து ஆசைப் பட்டியல், பன்னிரண்டு முகப் பகடைக்கு.
ஒன்று முதல் ஐந்து வரை எறும்புப் புற்று.
ஆறு, ஏழு: முதுகு தேய்க்க ஒரு மரம்.
எட்டு: சும்மா.
பன்னிரண்டு மட்டும்தான் நீங்கள்,
அதுவும் உங்கள் கையிலிருக்கும் ரொட்டிக்காக.

கடைசியில் சிவப்பு மையில்:
ஆட்டம் நடத்துபவர் எந்த வாக்கியத்தையும்
'கரடி நினைக்கிறது' என்று தொடங்கக் கூடாது.
காது, மூச்சு, கால், தூரம். அவ்வளவே.

பாலத்தில் மூடுபனி. யெர்னேயா சொன்னாள்:
"காது பின்னே மடிகிறது.
மூச்சு கேட்கிறது.
எட்டு மீட்டர்."
இதற்கு முன் டிராகனோடு மோதியிருக்கிறோம்,
பேசியபடியே பிஸ்கட் தின்றுகொண்டு.
இப்போது அலெங்காவின் வாள்
உறையிலேயே இருந்தது.

கரடி ஆற்றோரமாக இறங்கிப் போனது.
மூச்சு விட்டோம். அப்போது வோய்கோ கேட்டான்:
"குட்டிக்கு என்ன விதி?"
"எந்தக் குட்டி?"
"தாய் விழுந்த பிறகு."

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளை.

வோய்கோ ஓட்டுவது பனி அள்ளும் லாரி.
நவம்பரில் நாலு நாள் வேலைக்குப் போகவில்லை,
இடுப்புவலி என்றான்; நாங்களும் நம்பினோம்.

"விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
குட்டி போகவே இல்லை.
அது நினைத்தது..."
நிறுத்தினான். சிவப்பு மையைப் பார்த்தான்.
ரொட்டியைப் பிய்த்தான், தின்னவில்லை.
"காது முன்னே.
மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.
ஒரு கால் தூக்கியபடி.
தாய்க்கும் அதற்கும் மூன்று மீட்டர்.
நாற்பது நிமிடம்."

யாரும் எதுவும் சொல்லவில்லை.
யெர்னேயா பென்சிலை எடுத்து
வெள்ளைப் பக்கத்தில் எழுதினாள்:
குட்டி. தூரம் மூன்று. நேரம் நாற்பது.
பகடை கிடையாது.

நான் எழுந்துபோய்
சூப்பை மறுபடி அடுப்பில் வைத்தேன்.