எழுநூறு

பீட்ஸா பெட்டியின் மூடியில்
எழுநூறு குதிரைத்திறன் என்று எழுதிக்கொண்டு வந்தான்
டுவெய்ன் ஹால்வர்சன்.
வெளியே டுலூத், முழங்கால் வரை பனி.
டிரெய்லரில் அறுபத்தொன்பதாம் வருஷத்து டாட்ஜ் கோரனெட்,
பானட் திறந்தபடி, பல் பிடுங்க வந்தவன் வாய்போல.

பிளாக்கை அளந்தேன்.
இதற்குமுன் இரண்டு தடவை குடைந்திருக்கிறார்கள்.
ஏழாம் சிலிண்டரின் சுவர்
ஒரு நிக்கல் காசின் கனம்தான்.
ஒன்றும் சொல்லவில்லை,
மீட்டரின் முகத்தை அவன் பக்கம் திருப்பினேன்.

அறுநூறு, என்றான்.
கியர்பாக்ஸ்?
ஐந்நூற்றைம்பது.
பின் அச்சு?
ரேடியேட்டரை அவனே சொல்லிவிட்டான்.
பங்க் பெட்ரோல்தானே ஊற்றுவாய் என்றதும்
கம்ப்ரஷனையும் அடித்தான்.

நானூற்று இருபதில் நின்றது பென்சில்.
விரலுக்கேற்ற வீக்கம்தான்.
முகம் மட்டும்
ஏலத்தில் விட்டவன் முகம்.

பிரேக் எப்படி, என்று கேட்டேன்.
நாலும் டிரம்.
தொழிற்சாலையில் மாட்டியது.
இடதுபக்கம் இழுக்கும்.

சிரித்துவிட்டோம் இரண்டு பேரும்.
சீஸ் ஒட்டாத இடம் தேடி
எல்லாவற்றுக்கும் மேலே
பிரேக் என்று எழுதினான்,
இரண்டு கோடு போட்டு.

பட்டியலை என்னிடம் விட்டுவிட்டுக் கிளம்பினான்.
அப்புறம்தான் பார்த்தேன்,
எழுநூறு இருந்த மூலையை மட்டும்
கிழித்துக்கொண்டு போயிருக்கிறான்.