ள் வந்தாச்சா

இஞ்சிவிளையில் எனக்கொரு கடை.
கல்லாப்பெட்டி கேரளத்தில்,
கக்கூஸ் தமிழ்நாட்டில்.
பஸ், ரயில், விமானம், ஆதார் திருத்தம்.
போர்டில் இரண்டு மொழி,
இரண்டிலும் என் பெயரில் பிழை.

சந்தை கலைகிற நேரம் மஞ்சள் பையோடு வந்தாள்.
"மஸ்கட்டுக்கு ஒரு டிக்கெட்டு. போறதுக்கு மட்டும்."
பாஸ்போர்ட்?
"ஏஜென்டுக்க கையில. ஏர்போர்ட்டுல வச்சுத் தருவான்."
பாஸ்போர்ட் பார்க்காமல் அடிக்கக் கூடாது என்று
நானே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.
அவள் அதன் கீழேதான் நின்றாள்.
பேரு?
"திரேசாள்."

விரல் அதைக் கேட்கவில்லை.
பாறசாலைப் பள்ளியில் கணக்கெடுத்த டீச்சரை நினைத்துக்கொண்டு
திரேசியம்மா என்று அடித்தது.
இந்தப் பக்கம் அப்படித்தான்.
களியிக்காவிளை தாண்டினால்
மரியாள் மரியா, ரோசாள் ரோசா.
சோதனைச் சாவடியில்
ஆளுக்கொரு ளகர ஒற்றை
இறக்கி வைத்துவிட்டு வருகிறார்கள் போல.
சரியா பாருங்க என்று தாளை நீட்டினேன்.
"இங்கிலீசா" என்றாள்.
நாலாய் மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, விடிய மூன்று பத்து.
"தம்பி, இது ஆருக்க டிக்கெட்டு?"

தள்ளுவண்டிகளின் சத்தம்.
கவுண்டர் பெண் போனை வாங்கி மலையாளத்தில் சொன்னாள்:
மூன்றெழுத்து என்றால் நானே திருத்துவேன் சேட்டா,
எண்ணிப் பார்த்தேன், இது அஞ்சு.
வீட்டில் விளிக்கிற பேர் திரேசியம்மா,
ரெண்டும் ஒரே ஆள் என்று
ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்,
மேலே சாரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

எழுதிக் குடுங்க அக்கா என்றேன்.
"எழுத மாட்டேன்."
விமானம் நாலு ஐம்பதுக்கு.
வெறும் ஒரு வரிதானே அக்கா.
"திரேசியம்மாவை எனக்குத் தெரியும் தம்பி.
அண்டியாபீசுப் புக்குல மேனேஜர் எழுதி வச்ச பொம்பளை.
பதினொண்ணு வருசம் நான் தல்லுன அண்டிக்கு
பி.எஃப். பணம் அவளுக்க பேருல கெடக்கு.
கம்பெனி பூட்டியாச்சு.
கேக்கப் போனா நீ திரேசாளு, இது வேற ஆளுங்கான்.
ரேகை வையின்னான்.
அண்டிப்பாலு தின்ன விரலு மக்களே,
வச்சு வச்சுப் பாத்தேன்,
மெசினு சும்மா வெளிச்சம் அடிச்சிட்டுக் கெடக்கு.
இப்ப அவளுக்கு நான் கையெழுத்தும் போட்டு
பிளேன்லயும் ஏத்தி விடணுமா?
வேணும்னா அவ போட்டும்."

போனை அவள் வைக்கவில்லை. நானும்.
கடைசி அழைப்பு மூன்று மொழியில் கேட்டது.
மூன்றிலும் திரேசியம்மாவைத்தான் கூப்பிட்டார்கள்.

பதினேழு சி. பணம் கட்டிய இருக்கை.
போயிருப்பாள்,
பெல்ட் மாட்டாமல், சாப்பாடு வாங்காமல்,
அடுத்த சீட்டுக்காரன் அவள் மேல் பை வைத்திருப்பான்.

புது டிக்கெட் பதினாறாயிரத்துச் சொச்சம்.
முழுதும் என் கைக்காசு என்று சொன்னால்
நல்லவனாகத் தெரிவேன். பாதிதான்.
மீதியை ஏஜென்ட் அவள் சம்பளத்தில் பிடிப்பான்,
எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை.

இம்முறை கவுண்டர் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்து
ஒவ்வொரு எழுத்தாய் வாசித்தாள்.
டி. ஹெச். ஐ.
என் வாழ்நாளில் இத்தனை மெதுவாய் அடித்ததில்லை.
நடுவே கரண்ட் ஒருமுறை போய் வந்தது,
எந்த மாநிலத்துக் கரண்ட் என்று தெரியவில்லை.

"ள் வந்தாச்சா?"

திரையின் கடைசியில் நின்றது எல்.
பல்லியின் லகரமா
பள்ளியின் ளகரமா
அதைக் கேட்டால் அதற்கே தெரியாது.

வந்தாச்சு அக்கா
என்றேன்.