நாற்பத்தோராவது வரி

திருமயம் கோட்டையைத் தாண்டும்போது
வண்டி புகை கக்கிற்று, நீலமும் வெள்ளையுமாக.
வாங்கி முப்பத்தெட்டு நாள்.
முன்கண்ணாடியில் இன்னும் ஸ்டிக்கர்:
‘பரிசோதித்துச் சான்றளித்த பழைய கார்.’
இழுவை வண்டிக்காரன் அதை நிதானமாகப் படித்தான்,
ஒன்றும் சொல்லாமல் கொக்கியை மாட்டினான்.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

காரைக்குடி ஷோரூமில் ஏசி நன்றாகக் குளிர்ந்தது.
மேலாளர் ஜெனிட்டா கம்ப்யூட்டரை
என் பக்கம் திருப்பினார்.
டர்போ போய்விட்டது. ஏனென்றால்
எஞ்சினின் மூளையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.
கம்பெனி வைத்த கணக்கு ஒன்று,
இதற்குள் ஓடுவது வேறொன்று.
“மாற்றம் செய்த வண்டிக்கு வாரண்டி கிடையாது சார்.
பதினொன்றாம் பக்கம்.”
பொடி எழுத்து.
எழுபத்தெட்டாயிரம் ஆகும் என்றார், ஜிஎஸ்டி தனி.

நீங்கள் செய்தீர்களா? இல்லை.
நாங்கள் செய்தோமா? இல்லை.
முதல் சொந்தக்காரன் பள்ளத்தூர்ப் பையன்,
இப்போது தோஹாவில்.
ராத்திரி ஒரு மணிக்குப் புதுக்கோட்டை ரோட்டில்
என் டர்போவை முன்கூட்டியே தின்றுவிட்டுப்
பிளேன் ஏறியிருக்கிறான்.

என் தொழிலை இங்கே சொல்லியாக வேண்டும்.
முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை.
எனாமல் தூக்கு, ரங்கூன் பெட்டி, பீங்கான் ஜாடி,
பெல்ஜியம் என்று நான் சொல்லும் கண்ணாடி,
சுவர்க்கடிகாரம்.
ரசீதின் அடியில் ரப்பர் ஸ்டாம்ப்:
‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.
அடைக்கலம் அன் கோ.’
கோ என்று யாரும் இல்லை.
ஜெர்மன் கடிகாரங்கள் சிலவற்றுக்குள்
மதுரையில் வாங்கிய முந்நூறு ரூபாய் மெஷின்.
பெண்டுலம் ஆடினால் போதும்,
பின்பக்கம் திறப்பவர் குறைவு.

ஆகவே பேனட்டைத் திறக்கச் சொல்லவில்லை.
டேஷ்போர்டுக்குள்ளிருந்து அவர்களே கொடுத்த
பரிசோதனைத் தாளை எடுத்தேன்.
நூற்றிருபது வரி, நூற்றிருபது டிக்,
ஒரே பச்சை மையில், ஒரே சாய்வில்,
மழை விழுந்த மாதிரி.
கீழே கையெழுத்து: பா. தீபன்.
எண்பத்தேழு: எஞ்சின் மென்பொருளில் மாற்றம் இல்லை. டிக்.
அது அவர்கள் வார்த்தைக்கு என் வார்த்தை.
நாற்பத்தொன்றைப் படிக்கச் சொன்னேன்.
‘கூரைக் கண்ணாடி சீராகத் திறந்து மூடுகிறது.’
டிக்.

ஜெனிட்டா எழுந்து வெயிலுக்குப் போனார்.
வண்டியின் தலையைப் பார்த்தார்.
தகரம். அதில் காக்கை எச்சம்.
கூரையில் கண்ணாடியும் இல்லை, ஓட்டையும் இல்லை.

தீபனைக் கூப்பிட்டார்கள்.
இருபத்திரண்டு வயதிருக்கும், முழங்கைவரை கிரீஸ்.
“அன்னைக்கு மட்டும் ஒன்பது வண்டி மேடம்”
என்று தரையிடம் சொன்னான்.

சென்னைக்குப் போன் நாற்பது நிமிடம்.
சிவகங்கை நுகர்வோர் கோர்ட் என்று
ஒரே ஒரு தடவை சொன்னேன்,
தண்ணீர் கேட்கிற குரலில்.
முடிவு: டர்போ அவர்கள் செலவு,
மென்பொருளைப் பழையபடி ஆக்குவதும்.
ஆயிலும் ஃபில்டரும் என் தலையில், நாலாயிரத்து இருநூறு.
இனிப் புகார் இல்லை என்று ஒரு தாள்.
எல்லாப் பக்கத்தையும் படித்தேன், பதினொன்றை இரண்டு முறை.
அதில் தீபன் பெயர் இருந்தது. எடுத்துவிடச் சொன்னேன்.
எடுத்தார்கள்.
வேறு தாளில் எழுதியிருப்பார்கள்.

இப்போது வண்டி ஒழுங்காக ஓடுகிறது.
ஒழுங்காக என்றால் மெதுவாக.
சோதனை ஓட்டத்தில் கோட்டையூர் தாண்டி
சீட்டோடு என்னை அழுத்திய அந்தப் பாய்ச்சல் இல்லை.
அதற்காகத்தான் வாங்கினேன்
என்பதை ஜெனிட்டாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் கடைக்கு ஒரு அம்மா வந்தார்.
கடிகாரத்தைக் காட்டி
“உள்ளே எல்லாம் பழசுதானே?” என்றார்.
இறக்கித் திருப்பிப் பின்கதவைத் திறந்தேன்.
பேட்டரி.
ஐந்நூறு குறைத்துக் கேட்டார், கொடுத்தேன்.
ஸ்டாம்பை மட்டும் வழக்கம்போல்
அழுத்திக் குத்தினேன்.