சி படிவம்

கிரீம்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில்
மூன்று நட்சத்திரம் எங்கள் ஓட்டல்.
பெயர்ப்பலகையில் அதில் ஒன்று
போன மழையிலிருந்து எரிவதில்லை.
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
மேசைக்குப் பின்னால் நான்,
சட்டையில் குத்திய பித்தளைத் தகட்டில் செலஸ்டின்.

மூன்றேகால் மணிக்கு
இரண்டு பெட்டி, ஒரு ஸ்கேன் உறை,
தூங்கியபடியே நடந்துவந்த கணவர்,
எல்லாவற்றையும் ஒரே கையில் பிடித்ததுபோல்
வந்து நின்றார் அந்த அம்மா.
ஓஷ் நகரம், கிர்கிஸ்தான்.
வெளிநாட்டவர் தங்கினால் ஒரு நாளுக்குள்
சி படிவம் ஏற்றிவிட வேண்டும்.
பெயர்: ஜில்டிஸ்.
வந்த காரணம்: கல்லீரல்
என்று அடித்துவிட்டு, அழித்து,
மருத்துவம் என்று மாற்றினேன்.

தன் பெயருக்கு நட்சத்திரம் என்று பொருளாம்.
அவர் போனிடம் சொல்ல, போன் என்னிடம் சொன்னது
செய்தி வாசிக்கும் குரலில்.
வெளியே எரியாத ஒன்றைப் பற்றி
நான் வாய் திறக்கவில்லை.

முந்நூற்று நான்கின் குறைகள்
தினம் ஒன்றாக லிஃப்டில் இறங்கி வந்தன.
படத்தில் கடல், ஜன்னலில் டிரான்ஸ்ஃபார்மர்.
அந்த ஜன்னலும் திறக்காது.
கெட்டிலில் ஒன்றரைக் கோப்பைக்கு மேல் கொதிக்காது.
டீயில் பாலை யார் கேட்டார்கள்?
இந்த ஊர் இரவில்கூட ஏன் ஆறுவதில்லை?
கடைசிக் குறைக்கு
மேனேஜரிடம் சொல்கிறேன் என்றேன்.

ஐந்தரைக்கே ஆஸ்பத்திரி கிளம்பும் ஒரு காலை,
பொட்டலத்தைப் பிரித்து ரொட்டியைக் காட்டி
நான் என்றார்.
நானா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டேன்.
இல்லை, நான் என்று ரொட்டியைத் தொட்டார்.
நான், நான் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம்,
யார் ரொட்டி என்பது தீராமல்.
பிறகு, கவிழ்ந்து கிடந்த ஒன்றை
இரண்டு கையாலும் நிமிர்த்தி வைத்தார்,
குப்புற விழுந்த பிள்ளையைத் திருப்புவதுபோல.

ரூம் பாய் ரின்சங்கா ஐஸால்காரன்.
டீக்கடையில் அவனை நேபாளம் என்பார்கள்,
பஸ்ஸில் சைனா.
மூன்றாம் மாடியில் அவன் முகத்தைப் பார்த்ததும்
அந்த அம்மா அப்படியே நின்று
நிறுத்தாமல் பேசினாராம்.
மூச்சு வாங்கியபின்தான் போன் நினைவுக்கு வந்திருக்கிறது.
போன் கேட்டது:
நீ எங்கள் ஊர்ப் பையனா?

அவன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டான்.

அதிலிருந்து தினமும் அவனுக்கு
உலர்ந்த பாதாமி ஒரு பிடி, பேச்சு அரை மணி.
டாக்டர் சொன்னதா, மருமகள் செய்ததா,
வயலில் நின்றுபோன ஏதோ வேலையா,
ஒரு சொல் புரியாமல்
மாப்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்பான்.
ஏன்டா பொய் சொன்னே என்றேன்.
“சார், ரெண்டு வருஷம் இங்க.
எல்லாரும் எந்த ஊருன்னு கேப்பாங்க.
எங்க ஊரான்னு
யாரும் கேட்டதில்ல.”

பில்லில் இரண்டு நாள் துணி துவைத்ததை
நான் சேர்க்க மறந்துபோனேன்.
மறந்ததாகவே கணக்கில் இருக்கட்டும்.

பத்தொன்பதாம் நாள்.
பெட்டி இரண்டு, உறை நான்கு.
கணவர் இந்த முறை விழித்தபடி நடந்தார்,
படிக்குப் படி நின்று.
டாக்ஸிக் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா
ரின்சங்காவிடம் நீளமாக ஏதோ சொன்னார்.
போனைக் கைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.
அவன் முதல் தடவையாகப் பதில் சொன்னான்,
மிஸோவில், அதே நீளத்துக்கு.
அவர் குறுக்கே பேசவில்லை.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும்
ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

உள்ளே வந்தேன்.
படிவத்தில் ஒரு கட்டம் காத்திருந்தது:
அடுத்துச் செல்லுமிடம்.
ஓஷ் என்று அடித்தேன்.
மேலே முந்நூற்று நான்கில்
போர்வை உதறும் சத்தம்.